கினிப்பன்றியின் பல்லைக் காப்பது குச்சியா, புல்லா?

மாணவர்களே, உங்கள் வீட்டில் கினிப்பன்றி இருக்கிறதா? பெயரில்தான் பன்றி. உண்மையில் அது எலி, அணில் போன்ற கொறிவிலங்கு. அதன் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதி. நாய், பூனை வளர்க்க இடம் போதாத அடுக்குமாடி வீடுகளில் இந்தச் சிறிய பிராணி பலருக்குச் செல்லமாகிவிட்டது.

செல்லப்பிராணிக் கடைகளில் அதற்கென்றே கடிக்கும் பொருள்கள் விற்கிறார்கள். ஆப்பிள் மரக் குச்சி, புல்லால் பின்னிய பந்து, வண்ணம் பூசிய மரக்கட்டை, தேனில் விதைகளை ஒட்டிய குச்சி என்று எத்தனையோ வகை. எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கவேண்டும்? விடை கினிப்பன்றியின் வாய்க்குள் இருக்கிறது.

வளர்ந்துகொண்டே இருக்கும் 20 பற்கள்

கினிப்பன்றிக்கு மொத்தம் 20 பற்கள். மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு வெட்டுப்பற்கள் முன்னால் தெரியும். கோரைப்பற்கள் கிடையாது. மீதமுள்ள 16 கடைவாய்ப் பற்களும் கன்னத்துக்குள் மறைந்திருக்கும்.

நம்முடைய நிலைப்பற்கள் முளைத்து முடிந்ததும் வளர்ச்சி நின்றுவிடுகிறது. எலிக்கு வெட்டுப்பற்கள் மட்டும் தொடர்ந்து வளரும். கினிப்பன்றிக்கோ 20 பற்களும் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். வளரும் அளவுக்குத் தேய்ந்தால்தான் பற்கள் சரியான நீளத்தில் நிற்கும்.

தேய்மானம் குறைந்தால் என்ன ஆகும்? கீழ்க்கடைவாய்ப் பற்கள் நாக்கை நோக்கிச் சாய்ந்திருப்பவை. அவை நீண்டுவிட்டால் இரு பக்கமும் நெருங்கி, நாக்கின் மேல் பாலம் போட்டதுபோல் அதை அழுத்திவிடும். பசி இருந்தும் பிராணியால் விழுங்க முடியாது. மேல்பற்கள் கன்னத்தைக் குத்திப் புண்ணாக்கலாம். வெளியில் தெரியும் முன்பற்களை மட்டும் பார்த்தால் இந்த ஆபத்து கண்ணில் படாது.

அம்மியும் குழவியும்

‘கெட்டியான பொருளைக் கடித்தால் எல்லாப் பற்களும் தேயும்’ என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். மரக்குச்சியைச் சுரண்டுவது வெட்டுப்பற்களின் வேலை. கடைவாய்ப் பற்களுக்கு அதில் பங்கு மிகக் குறைவு.

கடைவாய்ப் பற்கள் புல்லை அரைக்கும்போதுதான் தேய்கின்றன. அம்மியில் குழவியை முன்னும் பின்னும் ஓட்டி அரைப்பதை நினைத்துப் பாருங்கள். கினிப்பன்றியின் கீழ்த்தாடையும் ஏறக்குறைய அப்படித்தான் இயங்குகிறது. நார் நிறைந்த புல்லை விழுங்குமுன் நெடுநேரம் அரைக்கவேண்டும். உருண்டைத் தீவனமோ சில கடிகளில் நொறுங்கிவிடும்.

புல்லுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. லாலாங் புல் உங்கள் விரலைக் கீறியிருக்கிறதா? அதன் ஓரத்திலுள்ள சிலிக்காவின் வேலை அது. மணலில் இருக்கும் அதே பொருள், நுண்ணிய துகள்களாகப் புல்லுக்குள் படிந்திருக்கிறது.

2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. 36 கினிப்பன்றிகளை ஆறு குழுக்களாகப் பிரித்தனர். சிலிக்கா குறைந்த லூசர்ன், அதைவிடக் கூடுதலாக உள்ள திமோத்தி புல், மிகுதியாக உள்ள மூங்கில் இலை ஆகியவற்றைப் பச்சையாகவோ உலர்த்தியோ மூன்று வாரம் கொடுத்தனர். சிலிக்கா கூடக்கூட, பல்லின் மேற்பரப்பில் தேய்மானத் தடங்களும் பொதுவாகக் கூடின. பச்சைத் திமோத்தியைத் தின்றவற்றைவிட, உலர்ந்த திமோத்தியைத் தின்றவற்றின் பற்களில் தடங்கள் அதிகம்.

ஆகவே, கினிப்பன்றிக்கு முதன்மையான ‘கடிக்கும் பொருள்’ உலர்புல்தான். அது இரவும் பகலும் கூண்டில் தாராளமாக இருக்கவேண்டும். கவனியுங்கள், உலர்புல் வேறு, வைக்கோல் வேறு. தானியத்தை எடுத்தபின் எஞ்சும் தண்டுதான் வைக்கோல். அதில் சத்து மிகக் குறைவு.

எதைக் கொடுக்கலாம்?

உலர்புல் நிரம்ப இருக்கும்போது, மற்றப் பொருள்கள் முன்பற்களுக்கு வேலையும் பிராணிக்குப் பொழுதுபோக்கும் தரும். கூண்டில் சலிப்படையாமல் இருக்க அவை நிச்சயம் உதவும்.

• ஆப்பிள், பேரி, வில்லோ மரக் குச்சிகள். மருந்தோ வண்ணமோ படாதவையாக இருக்கவேண்டும்.
• புல்லால் பின்னிய பந்து, பாய், சுரங்கம்.
• மக்காச்சோளத்தின் பச்சைத் தோல். நன்றாகக் கழுவிக் கொடுங்கள்.
• அச்சும் பசையும் இல்லாத அட்டைக் குழாய். தலை சிக்கிக்கொள்ளாதபடி நீளவாக்கில் வெட்டிவிடுங்கள். உள்ளே உலர்புல்லைத் திணித்தால் அதுவே விளையாட்டாகிவிடும்.

எதைத் தவிர்க்கவேண்டும்?

• செர்ரி, பிளம், பீச், ஆப்ரிகாட் மரக் குச்சிகள். இவற்றில் சயனைடை வெளியிடக்கூடிய சேர்மங்கள் உள்ளன.
• மரவள்ளி, ரப்பர் மரம். நம் வட்டாரத்தில் எளிதாகக் கிடைக்கும் இவற்றிலும் அத்தகைய சேர்மம் உண்டு.
• அரளி. சாலையோரத்தில் அழகாகப் பூத்தாலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு கொண்டது.
• பிசின் வடியும் பச்சைப் பைன், சீடார் கட்டைகள்.
• தேனும் விதையும் ஒட்டிய குச்சிகள். சர்க்கரை அதிகம். விதை தொண்டையில் சிக்கலாம்.
• பிளாஸ்டிக், வண்ணம் பூசிய மரம், ஆணி அடித்த பொம்மை.

பெயர் தெரியாத செடியை ஒருபோதும் கொடுக்காதீர்கள். சாலையோரப் புல்லையும் பறிக்கவேண்டாம். களைக்கொல்லியோ ஏடிஸ் கொசுவுக்கு அடித்த புகைமருந்தோ அதில் படிந்திருக்கலாம்.

நம் நாட்டு ஈரப்பதத்தில் உலர்புல்லும் விரைவில் பூசணம் பிடிக்கும். ஒருமுறைக்கு அளவாக வாங்கி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பூசண வாடை வந்தால் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள்.

வாரம் ஒரு வரைபடம்

காட்டில் இரையாகும் விலங்குகள் நோயை வெளிக்காட்டாது. கினிப்பன்றிக்கும் அந்த இயல்பு உண்டு. அதனால் பல் நோயைத் தொடக்கத்திலேயே காட்டிக்கொடுக்கும் கருவி சமையலறைத் தராசுதான். வாரம் ஒருமுறை, ஒரே நாளில் எடை பார்த்துக் கிராம் கணக்கில் குறியுங்கள். அறிவியல் பாடத்தில் வரைவதுபோல் வரைபடமாக்குங்கள். வளர்ந்த பிராணியின் கோடு தொடர்ந்து இறங்கினால் அதுவே எச்சரிக்கை.

மோவாய் எச்சிலால் நனைந்திருப்பது, உணவை வாயிலிருந்து நழுவவிடுவது, புல்லை ஒதுக்கிவிட்டு மெத்தென்ற உணவை மட்டும் தேடுவது ஆகியவையும் அறிகுறிகளே. அரை நாள் எதுவும் தின்னாவிட்டால் குடல் இயக்கமே நின்றுபோகலாம். பெற்றோரிடம் சொல்லி, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். நீங்களே பல்லை வெட்ட முயலாதீர்கள்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது ஒன்றை மறக்கவேண்டாம். முதலில் உலர்புல். கையில் மிச்சம் பணம் இருந்தால் ஆப்பிள் மரக் குச்சி.