தாச்சியில் ஒரு புகைபோக்கி

நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி சுமார் 150 மீற்றர் உயரம். கற்பிட்டிப் பக்கத்துச் சோளகம் மாதக்கணக்கில் அதில் மோதும். இப்படியான தூணைக் காற்று என்ன செய்யும் என்று கணினி எப்படிக் கணக்கிடுகிறது? மாத்தளை மாவட்டத்து நாவுலயில் உள்ள எந்தக் குசினியிலும் இதற்கு விடை உண்டு.

அகன்ற தாச்சியில் தண்ணீர் விட்டு, மேலே மிளகுத்தூள் தூவுங்கள். மாத்தளையில் மிளகுக்கா பஞ்சம்! 2 சென்ரிமீற்றர் தடித்த அகப்பைக் காம்பொன்றைச் செங்குத்தாகப் பிடித்து, செக்கனுக்கு 10 சென்ரிமீற்றர் வேகத்தில் இழுங்கள். காம்பின் பின்னால் இடப்பக்கம் ஒரு சுழி, வலப்பக்கம் ஒரு சுழி என மாறிமாறிக் கழல்வதை மிளகு காட்டிக்கொடுக்கும். ஒரு சோடி கழல ஏறத்தாழ ஒரு செக்கன் எடுக்கும். கழலும் ஒவ்வொரு சுழியும் காம்பைப் பக்கவாட்டில் இழுக்கும்.

வேகத்தைத் தடிப்பால் வகுத்து 0.2 ஆல் பெருக்கினால், செக்கனுக்கு எத்தனை சோடி என்பது ஓரளவுக்கு வந்துவிடும். காற்றில் கம்பிகள் எழுப்பும் ஒலியை ஆராய்ந்து 1878இல் இந்தத் தொடர்பைக் கண்டவர், செக் பௌதிகவியலாளர் ஸ்ட்ரூஹால். 3 மீற்றர் விட்டமுள்ள உருக்குப் புகைபோக்கியில் மணிக்கு 54 கிலோமீற்றர் காற்று வீசினாலும் அதே ஒரு செக்கன்தான். அந்தப் புகைபோக்கியின் இயல்பான ஆட்டமும் செக்கனுக்கு ஒரு தடவை என்றால் வந்தது வினை. இதற்குப் புயல் வேண்டியதில்லை. ஒரே சீராக வீசும் காற்றே போதும். ஆட்டம் பெருகிய பின் சுழிகளும் புகைபோக்கியின் தாளத்துக்கே கழலத் தொடங்கும். காற்று சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் அந்தப் பிடி விடாது. பாரமான கொங்கிறீற்றுத் தூண்களைவிட மெலிந்த உருக்குப் புகைபோக்கிகளுக்கே இந்தத் தொல்லை அதிகம்.

கணினி, தாச்சித் தண்ணீரைத் துண்டு போடுவதுபோல, சுற்றியுள்ள காற்றுவெளியைப் பல இலட்சம் சிறு அறைகளாகப் பிரிக்கும். சுவரை ஒட்டி மிக நுணுக்கமாக, தள்ளிப்போகப் பெரிதாக. ஒவ்வோர் அறைக்குள்ளும் எவ்வளவு காற்று வருகிறது, போகிறது, அமுக்கம் என்ன என்று செக்கனின் சிறு பின்னத்துக்கு ஒரு தடவை கணக்குப் பார்க்கும். சுவரில் விழும் அமுக்கத்தையெல்லாம் கூட்டினால் விசை. அந்த விசைக்குப் புகைபோக்கி எவ்வளவு வளையும் என்பது அடுத்த கணக்கு. வளைந்த நிலையில் மறுபடியும் காற்றுக் கணக்கு. காம்பை இறுக்கிப் பிடிக்காமல் தளர்த்திப் பிடித்தால் அதுவே ஆடுமே, கணினி பின்தொடர்வது அதைத்தான்.

இனி அதே காம்பில் கயிற்றைத் திருகலாகச் சுற்றி இழுங்கள். சுழிகள் ஒழுங்கு கெட்டுச் சிதறும். 1950களில் பிரித்தானியாவின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில் ஸ்குருட்டன் குழுவினர் இந்த வழியை வகுத்தார்கள். சில புகைபோக்கிகளின் மேற்பகுதியில் மூன்று தகடுகள் சுற்றிச்சுற்றி ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக வைத்தவை அல்ல. இலவசமும் அல்ல: தகடு வைத்தால் காற்று நேராகத் தள்ளும் விசை கூடும், அடித்தளமும் அதைத் தாங்கவேண்டும்.

காற்றின் மிகச் சிறிய சுழிகள் அத்தனையையும் எந்தக் கணினியாலும் கணக்கிட முடியாததால் அவற்றை உத்தேசமாகவே சேர்க்கிறார்கள். அதனால்தான் சென்னை தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் போன்ற இடங்களில் காற்றுச் சுரங்கங்கள் இன்னும் ஓடுகின்றன. அதைவிட முக்கியமானது தணிப்பு, அதாவது ஆட்டம் தானாக அடங்கும் வேகம். இது கணினிக்குத் தெரியாது, நாம்தான் கொடுக்கவேண்டும். யாராவது வண்ண வண்ணச் சுழிப்படங்களைத் திரையில் காட்டினால், தணிப்புக்கு என்ன எண் போட்டீர்கள், அதை எங்கே அளந்தீர்கள் என்று முதலில் கேளுங்கள்.