தூக்க முடிந்தால்தான் வாசிக்க முடியும்

உயர்நிலைப் பள்ளி இசைக்குழுவில் நான் வைப்ரஃபோன் வாசித்தபோது, அதை நகர்த்த நான்கு நண்பர்கள் இருந்தனர். பல்கலைக்கழகத்தில் நான் மட்டுமே. முதல் மேடை வாய்ப்பு வந்த நாளில், இரவல் வாங்கிய கருவி வேனுக்குள் நுழையவில்லை. என் இடத்தில் வேறொருவர் கீபோர்டு வாசித்தார்.

இப்போது பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தில் சொந்தமாக ஒன்று தேடுகிறேன்.

வழக்கமான வைப்ரஃபோனில் மூன்று ஸ்தாயி, 37 அலுமினியப் பட்டைகள். பட்டைகளைக் கயிற்றோடு சுருட்டிப் பையில் வைக்கலாம். சிரமம் தருபவை சட்டமும் ஒலிக்குழாய்களும்தான். குழாய்களை விட்டுவிட்டால் சுமை குறையும். ஆனால் ஒலி மெலியும், மைக் தேவைப்படும். ஒலியை அலையவைக்கும் மோட்டார் இல்லாமல் சமாளிக்கலாம். ஜாஸ் கலைஞர் கேரி பர்ட்டன் பெரும்பாலும் அதை இயக்காமலேயே வாசித்தவர். மிதிகட்டை மட்டும் அவசியம். ஒலியை நீட்டுவதும் நிறுத்துவதும் அதுதான்.

வாங்குமுன் மூன்றைச் சோதியுங்கள். தனியாளாகப் பிரித்துப் பூட்ட முடிகிறதா? மிகப் பெரிய பாகம் வீட்டு மின்தூக்கியிலும் டாக்சியிலும் அடங்குமா? பூட்டியபின் ஆடுகிறதா?

விலையை அப்புறம் கேட்கலாம். நான் இப்போதெல்லாம் அளவுநாடாவுடன்தான் கடைக்குப் போகிறேன்.