கெட்ட பெயர் வாங்கிப் பிழைத்த மனிதர்

மானேஜர் என்று சொன்னதும் உங்களுக்கு யார் நினைவு வருகிறது? தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவராக இருந்தால் கேட்கவே வேண்டாம். பங்களாவும், காரும், காலைப் பெரட்டில் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகும் துரையும்தான் கண்முன் வந்து நிற்பார்கள்.

நாம் இங்கே சொல்லப்போகும் மானேஜர் வேறு வகை. அவருக்குக் கீழே தோட்டமும் இல்லை, ஆபீசும் இல்லை. அவருடைய உத்தியோகம் குஸ்தி மேடையின் ஓரத்தில். ஆயிரக்கணக்கான மக்களிடம் ஏச்சு வாங்குவதுதான் அவருக்கு வேலை. எவ்வளவு ஏச்சு வாங்குகிறாரோ அவ்வளவுக்கு அவர் கெட்டிக்காரர்!

இப்படியும் ஒரு பிழைப்பா என்று சிரிக்காதீர்கள். அந்த மனிதரின் கதையை முழுவதும் கேளுங்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் குஸ்தி புதிதல்ல. கிங்காங், தாராசிங் ஆகியோர் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் மோதிய காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். தாத்தாவுக்குக் கூன் நிமிர்ந்துவிடும்! பிறகு தொலைக்காட்சி வந்தது. அமெரிக்கக் குஸ்தி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. ஹல்க் ஹோகனும் இராட்சதன் ஆந்த்ரேயும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்தவர்களாகிவிட்டார்கள்.

அந்த ஆந்த்ரேயின் பக்கத்தில், அவருடைய மார்பளவு உயரத்தில், வெளுத்த தலைமுடியும் மினுமினுக்கும் சட்டையுமாக ஓயாமல் பேசிக்கொண்டே ஒருவர் வருவாரே, நினைவிருக்கிறதா? அவர்தான் பாபி ஹீனன்.

பெட்டி தூக்கிய பையன்

ஹீனன் 1944-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பிறந்தார். ரேமண்ட் என்பது பெற்றோர் வைத்த பெயர். செல்வச் செழிப்பான குடும்பம் அல்ல. தாயையும் பாட்டியையும் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு சிறு வயதிலேயே தலையில் விழுந்தது. எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டு வேலைக்குப் போனார்.

நம் தோட்டங்களில் இப்படிப் பள்ளியை விட்டவர்கள் எத்தனை பேர்! அந்த வருத்தம் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பையனுக்குக் குஸ்தி என்றால் உயிர். ஆட்டம் நடக்கும் மண்டபங்களில் தின்பண்டமும் குளிர்பானமும் விற்றார். மல்லர்களின் பெட்டிகளைத் தூக்கினார். அவர்கள் கழற்றிப் போடும் மேலங்கிகளை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். பெட்டி தூக்கும் பையனை யாரும் கவனிப்பதில்லை. பையனோ எல்லாவற்றையும் கவனித்துக் கொண்டிருந்தான். எந்த அசைவுக்கு மக்கள் எழுந்து நிற்கிறார்கள், எந்தச் சொல்லுக்குப் பல்லைக் கடிக்கிறார்கள் என்பதெல்லாம் அவனுக்கு அங்கேதான் பாடமாயிற்று.

1965-இல் அவரே மேடைக்கு வந்தார். மானேஜராகவும் மல்லராகவும் இரண்டு வேலையையும் பார்த்தார். ‘அழகன்’ என்று தமக்குத் தாமே பட்டம் சூட்டிக்கொண்டு, தலைமுடியை வெளுக்கச் செய்துகொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். அந்த நடையைப் பார்த்தாலே மக்களுக்கு எரிச்சல் வந்தது. அதுதானே அவருக்கு வேண்டியது!

குஸ்தி மானேஜருக்கு என்ன வேலை?

அமெரிக்கத் தொழில்முறைக் குஸ்தியில் யார் வெல்வது என்பது முன்கூட்டியே பேசி வைத்த ஒன்று. இன்று இது ஊரறிந்த செய்தி. நம் கூத்து மாதிரிதான் அது. துரியோதனன் தொடையில் அடிபட்டுச் சாவான் என்று தெரிந்தும் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறோம் அல்லவா? ஆனால் ஒன்று. முடிவு பேசி வைத்ததாக இருந்தாலும் விழுவது மெய்யான விழுகை. வலியும் மெய்யான வலி.

அந்தக் கூத்தில் மானேஜர்தான் சகுனி. சகுனி கதாயுதம் தூக்கியவன் அல்ல. பேசியே காரியத்தைக் கெடுத்தவன். ஹீனனுக்கு அந்த வேடம் அச்சாகப் பொருந்தியது.

அவருடைய முதல் வேலை பேசுவது. மலைபோல் உடம்பு இருக்கும் மல்லருக்கு நாலு வார்த்தை கோர்வையாகப் பேச வராது. அவருக்காக மானேஜர் பேசுவார். எதிராளியை இழித்துப் பேசி, பார்க்க வந்தவர்களையும் ஏசுவார். ஹீனன் ரசிகர்களை மனிதர்கள் என்றே அழைக்கமாட்டார். மனித உருவில் உள்ள ஏதோ ஜந்துக்கள் என்ற பொருளில் ‘ஹியூமனாய்டுகள்’ என்பார். இவன் அடி வாங்குவதைப் பார்த்தே தீரவேண்டும் என்று அடுத்த ஆட்டத்துக்கும் அவர்கள் சீட்டு வாங்குவார்கள்.

இரண்டாவது வேலை குறுக்கே புகுவது. நடுவர் பார்க்காத நேரத்தில் கயிற்றுக்கு அடியில் கையை விட்டு எதிராளியின் காலை இழுத்துவிட வேண்டும். நல்லவன் தோற்றால் அவன் வீரம் குறைந்ததால் தோற்றதாக இருக்கக்கூடாது. சூழ்ச்சியால் தோற்றதாக இருக்க வேண்டும். அப்போதுதான் அவன் மதிப்பு கெடாது.

மூன்றாவது வேலை அடி வாங்குவது. கடைசியில் நல்லவன் கையில் மானேஜர் சிக்குவார். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் மக்கள் இரவெல்லாம் காத்திருப்பார்கள். ஹீனன் தம் உடம்பைப் பந்துபோல் தூக்கி எறியவிட்டு, அவர்கள் ஆசையை நிறைவேற்றி வைப்பார்.

இந்த மூன்று வேலையிலும் ஒரே ஒரு நோக்கம்தான். பக்கத்தில் நிற்பவன் பெரியவனாகத் தெரிய வேண்டும்.

துப்பாக்கியும் எலும்பு முறிவும்

வெறுப்பை மூலதனமாக வைத்து நடத்தும் வியாபாரத்தில் ஆபத்தும் கூடவே வரும். 1970-களில் ஹீனன் நிக் பாக்விங்கல் என்ற மல்லருக்கு மானேஜராக இருந்தார். ஏழு ஆண்டுகளாக வீரர் பட்டத்தை விடாமல் வைத்திருந்த வெர்ன் கான்யாவை பாக்விங்கல் 1975-இல் வென்றார். ஹீனனின் பெயரோடு ‘மூளை’ என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. ரசிகர்களோ அவரை மூளை என்று அழைக்க மறுத்தார்கள். கோழி திருடும் கீரிப்பிள்ளை போன்ற ‘வீசல்’ என்னும் பிராணியின் பெயரைச் சொல்லி மண்டபமே அதிரக் கத்தினார்கள்.

அதே 1975-இல் சிக்காகோ மண்டபம் ஒன்றில் வெறியேறிய ஓர் ஆள் ஹீனனைக் குறிவைத்துத் துப்பாக்கியால் சுட்டுவிட்டான். குண்டு அவர்மேல் படவில்லை. சுற்றி இருந்த பார்வையாளர்கள் சிலர் காயமடைந்தார்கள். வேடத்தை வேடம் என்று அறியாதவன் கையில் துப்பாக்கி கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அது ஒரு பாடம்.

1983-இல் ஜப்பானில் நடந்த ஆட்டத்தில் அவருடைய கழுத்தெலும்பு முறிந்தது. மாதக்கணக்கில் படுத்துக்கிடந்தால் வீட்டில் அடுப்பெரிய வேண்டாமா? கழுத்து வலியோடேயே மீண்டும் மேடைக்கு வந்தார். அந்த வலி ஆண்டுக்கணக்கில் அவரோடு கூடவே வந்தது.

தோல்வியிலும் ஒரு பெருமை

1984-இல் டபிள்யூ.டபிள்யூ.எப். என்று அப்போது அழைக்கப்பட்ட பெரிய நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவருடைய கூட்டத்துக்கு ‘ஹீனன் குடும்பம்’ என்று பெயர். ஆள்மேல் ஆளாக ஹோகனை வீழ்த்தக் கொண்டுவந்தார். எல்லாரும் தோற்றார்கள்.

1987 மார்ச் 29-ஆம் தேதி மிச்சிகன் மாநிலத்து பாண்டியாக் நகர அரங்கில் நடந்த ஆட்டத்தை மறக்க முடியுமா? 93,173 பேர் வந்ததாக அன்று அறிவிக்கப்பட்டது. ஹீனனும் ஆந்த்ரேயும் சிறு வண்டியில் ஏறி மேடைக்கு வந்தார்கள். வழி நெடுக இருபுறமும் கூச்சல், குப்பை வீச்சு. ஆந்த்ரேக்கு அதற்கு முந்திய ஆண்டுதான் முதுகில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. உடைக்குள்ளே முதுகுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு அவர் மேடையேறினார். அப்படிப்பட்ட மலையை ஹோகன் தூக்கிப் போட்டபோது அரங்கமே எழுந்து நின்றது. புகழெல்லாம் ஹோகனுக்கு. தலையில் கைவைத்தபடி திரும்பிப்போகும் பங்கு ஹீனனுக்கு.

மறு ஆண்டு இன்னும் வேடிக்கை. அல்டிமேட் வாரியர் என்பவரோடு மோதித் தோற்றால் வீசல் உடையைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஒரு பந்தயம். ஊர் ஊராக ஹீனன் தோற்றார். மயங்கிக் கிடப்பவருக்கு வாலும் காதும் உள்ள அந்த உடையை மாட்டிவிடுவார்கள். விழித்துப் பார்த்து, அதைப் பிய்த்தெறிய அவர் உருண்டு புரள்வதைக் கண்டு சின்னப் பிள்ளைகள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

அந்த நிறுவனத்தில் அவருடைய ஆள் ஒருவர் பட்டம் வெல்ல 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரிக் ரூட் என்பவர் வாரியரைத் தரையில் அழுத்திக்கொண்டிருக்க, எழ முடியாதபடி வெளியே இருந்து வாரியரின் காலை இறுகப் பிடித்துக்கொண்டவர் யார் என்று நினைக்கிறீர்கள்? நம் ஹீனன்தான்!

மேடையில் பகைவர், வெளியே நண்பர்

கழுத்து ஒத்துழைக்காததால் 1991-இல் மானேஜர் வேலையை விட்டு, ஒலிபெருக்கிமுன் அமர்ந்து வருணனை சொல்பவரானார். பக்கத்து நாற்காலியில் கொரில்லா மன்சூன். பல ஆண்டுகளாகத் தொலைக்காட்சியில் அவரோடு சேர்ந்து பேசிப் பழகியவர். ஹீனன் அடாவடியாக ஏதாவது சொல்வார். மன்சூன் அலுத்துப்போய் அதட்டுவார். மாமியார் மருமகள் சண்டை தோற்றுப்போகும்! வெளியிலோ இருவரும் இணைபிரியாத நண்பர்கள்.

1993 டிசம்பரில் ஹீனன் அந்த நிறுவனத்தை விட்டு விலகினார். அதையும் வேடிக்கையாகவே நடத்தினார்கள். மன்சூன் அவரைப் பெட்டி படுக்கையோடு வெளியே தள்ளுவதுபோல் காட்சி. அன்று இரவு விடுதியில் இருவரும் கட்டிப்பிடித்து நெடுநேரம் அழுததாக ஹீனன் பின்னாளில் சொன்னார்.

போட்டி நிறுவனத்துக்கு அவர் போனதற்கு முக்கியமான காரணம் என்ன தெரியுமா? மருத்துவக் காப்புறுதி. அமெரிக்காவில் வைத்தியச் செலவு குடும்பத்தையே விழுங்கிவிடும். மல்லர்களும் மானேஜர்களும் அங்கே சம்பளத் தொழிலாளர்களாகக் கணக்கில் சேராதவர்கள், ஒப்பந்தக்காரர்கள். எலும்பு முறிந்தால் அது அவரவர் பாடு. புதிய இடத்தில் காப்புறுதியும் கிடைத்தது, பயணமும் குறைவு. அதனால் போனார். கோடிக்கணக்கான பேர் பார்க்கும் மனிதருக்கும் காயத்துக்கு யார் காசு கட்டுவது என்ற கவலை இருந்திருக்கிறது! ஒப்பந்த வேலை செய்து பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வாயால் வாழ்ந்தவருக்கு வந்த சோதனை

2002-இல் இடி விழுந்தது. ஹீனனுக்குத் தொண்டையில் புற்றுநோய். பேச்சையே முதலாக வைத்து வாழ்ந்தவருக்கு நோய் வந்த இடத்தைப் பாருங்கள். சிகிச்சையில் உடம்பு பாதியாக இளைத்தது. குரல் மாறியது.

ஆனாலும் நகைச்சுவை இளைக்கவில்லை. 2004-இல் அவருடைய பழைய நிறுவனம் தன் புகழ்பெற்றோர் வரிசையில் அவரைச் சேர்த்துச் சிறப்பித்தது. மெலிந்த உடம்போடு மேடையேறி, மண்டபம் முழுவதையும் விழுந்து விழுந்து சிரிக்க வைத்தார். கடைசியில் மட்டும் தொண்டை அடைத்தது. மன்சூன் இங்கே இல்லையே என்ற ஏக்கத்தைச் சொல்லி முடித்தார். மன்சூன் 1999-லேயே காலமாகிவிட்டார். வாழ்நாள் முழுவதும் பிறரை ஏசிப் பேசியவர், தமக்குப் பெருமை கிடைத்த நாளில் தேடியது அந்த ஒரு நண்பரைத்தான்.

2007 இறுதியில் தாடை எலும்பைச் சீரமைக்கும் பெரிய அறுவை சிகிச்சை. அதன் பிறகு முகம் மாறிப்போனது. அவர் பேசுவது மற்றவர்களுக்கு விளங்குவதே கடினமாயிற்று. அப்படி இருந்தும் ரசிகர்கள் கூடும் இடங்களுக்கு மனைவியின் துணையோடு வந்தார். ஒருகாலத்தில் வீசல் என்று கூச்சல் போட்ட பிள்ளைகள், நரைத்த தலையோடு வரிசையில் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். 2017 செப்டம்பர் 17-ஆம் தேதி, தமது 72-ஆம் வயதில் அவர் கண்மூடினார்.

அன்பு வாசகர்களே, ஹோகனின் பெயர் பெரிய எழுத்தில் நிற்கும். அந்தப் பெயரைப் பெரிதாக்கிக் காட்டத் தரையில் விழுந்தவர்களின் பெயர் சிறிய எழுத்தில்தான் இருக்கும். எந்த மேடையிலும், எந்த வேலைக்காட்டிலும் இது உண்டு. நம் திருவிழா நாடகத்தில் இராவணன் வேடம் கட்டுபவரை நினைத்துப் பாருங்கள். எல்லாரும் இராமனையே பார்த்துக் கும்பிட்டால் போதும் என்றுதான் அவர் தொண்டை கிழியக் கத்துகிறார்.

அடுத்த முறை குஸ்தி பார்க்கும்போது, மேடையோரத்தில் நிற்கும் மானேஜரைத் தாராளமாகத் திட்டுங்கள். அவர் உங்களிடம் எதிர்பார்ப்பது அதைத்தான். ஆட்டம் முடிந்து அவர் நொண்டிக்கொண்டே உள்ளே போகிறாரே, அப்போது ஒரு கைதட்டு தட்டி வையுங்கள்.