பினாங்கில் வசந்தகாலமே இல்லை. அப்போ வீட்டுத் தோட்டத்தில் எப்போ விதைக்கிறது?

மார்ச் மாதம் வந்தாலே யூடியூபில் 'ஸ்பிரிங் கார்டன்' வீடியோக்கள் வரிசை கட்டும். பனி உருகியதும் மண்ணைக் கிளறுங்கள், கடைசி உறைபனி முடிந்ததும் நாற்றை வெளியே வையுங்கள் என்று சொல்வார்கள். அதைப் பார்த்து ஜார்ஜ் டவுனில் லெட்டஸும் கேரட்டும் போட்டவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே முடிவுதான். லெட்டஸ் சீக்கிரம் பூத்துக் கசந்துவிடும், கேரட் சரியாகப் பருக்காது. அவை கேமரன் மலை போன்ற குளிர் இடத்துப் பயிர்கள்.

அப்படியென்றால் நம் ஊருக்கு விதைப்புக் காலம் என்று ஒன்று கிடையாதா? இருக்கு. ஆனா அதைத் தீர்மானிப்பது குளிர் இல்லை, மழை.

பினாங்கின் 'வசந்தம்' எப்போ?

பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 5 டிகிரியில் இருக்கிறது. ஆண்டு முழுக்கப் பகல் கிட்டத்தட்ட 12 மணி நேரம். வெப்பநிலை பெரும்பாலும் 23 முதல் 32 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும்.

வடகிழக்குப் பருவமழை கிளந்தான், திரங்கானு பக்கம் கொட்டும்போது, நடுவே நிற்கும் தித்திவங்சா மலைத்தொடர் அதன் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. அதனால் ஜனவரி, பிப்ரவரி நமக்குக் காய்ந்த மாதங்கள். தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்கு வெறுங்காலில் நடந்தவர்களுக்கு அந்த வெயில் தெரியும்.

மார்ச் கடைசியில் காற்று திசை மாறத் தொடங்கும். மாலையில் இடியோடு மழை வரும். ஏப்ரல், மே வரை இது தொடரும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை இதைவிடப் பெரிய மழை. 2017 நவம்பர் 4-5இல் தீவையே முடக்கிய வெள்ளம் அந்தப் பருவத்தில் வந்ததுதான்.

ஆக, தைப்பூசத்துக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் இடையில்தான் நம் 'வசந்தம்'. பிப்ரவரியில் மண்ணைத் தயார் செய்து, மார்ச் கடைசியில் விதைத்தால், முளைக்கும் பயிருக்கு மழை துணைக்கு வரும்.

'ஆடிப்பட்டம் தேடி விதை' பொருந்தாதா?

அந்தப் பழமொழி தமிழ்நாட்டு மழையைக் கணக்குப் போட்டுச் சொன்னது. ஆடிக்குப் பிறகு அங்கே மழை வரும், நீர்நிலைகள் நிறையும் என்பதுதான் அதன் அடிப்படை. ஆடியில் இங்கே மிளகாய் விதைத்தால், செடி பூத்துக் காய்க்கும் நேரத்தில் அக்டோபர் மழை அடித்து ஊற்றும். பூ உதிரும், வேர் அழுகும். மழைக்கு முன்னால் விதை என்ற கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

மண்ணில் என்ன பிரச்சினை?

பினாங்கு மலைகள் கிரானைட் பாறையால் ஆனவை. அது சிதைந்து உருவான மண் பொதுவாகப் புளிப்புத்தன்மை கொண்டது. அடிக்கடி பெய்யும் மழை சத்தையும் அடித்துக்கொண்டு போய்விடும். புதிய தாமான் வீடுகளில் வேறொரு சிக்கல்: மேலே நல்ல மண் மாதிரித் தெரியும், கீழே தோண்டினால் களிமண்ணும் கட்டுமானக் கற்களும் கிடக்கும்.

முதலில் ஒரு எளிய சோதனை. ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது முறை ஊற்றியது நான்கைந்து மணி நேரம் கழித்தும் அப்படியே நின்றால், அங்கே நேரடியாக விதைக்க வேண்டாம். 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போடுங்கள். இரண்டு பக்கமும் நின்று கையை நீட்டினால் நடுப்பகுதி எட்ட வேண்டும். அதற்கு ஒரு மீட்டர் அகலம் போதும். பாத்திக்குள் காலை வைத்து மிதித்தால் மண் மறுபடி இறுகிவிடும்.

புளிப்பைக் குறைக்க விவசாயச் சுண்ணாம்பு தூவுவார்கள். ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு கைப்பிடி போட்டுக் கிளறி, இரண்டு மூன்று வாரம் விட்டுவிடுங்கள். எருவை அதற்குப் பிறகு சேருங்கள். சுண்ணாம்பையும் புது எருவையும் ஒன்றாகப் போட்டால், எருவில் உள்ள நைட்ரஜன் அம்மோனியா வாயுவாக மாறிக் காற்றில் போய்விடும். காசு கொடுத்து வாங்கிய சத்து வீண்.

ஃபிளாட்டில் இருக்கோம், நிலமே இல்லையே?

ஜார்ஜ் டவுனில் பெரும்பாலானோரின் நிலைமை இதுதான். போலிபேக்கிலும் தொட்டியிலும் நன்றாக வளர்க்கலாம். இங்கே வழக்கமான கலவை 3:2:1, அதாவது மூன்று பங்கு மண், இரண்டு பங்கு மக்கிய எரு, ஒரு பங்கு மணல். பால்கனியில் எடை குறைய வேண்டுமென்றால் மண்ணில் ஒரு பகுதிக்குப் பதில் தென்னை நார்த்தூள் சேர்க்கலாம்.

எடையை விளையாட்டாக நினைக்காதீர்கள். 20 லிட்டர் மண் நனைந்தால் சுமார் 30 கிலோ. கம்பி விளிம்பில் தொட்டியை வைத்தால், புயல்காற்றில் கீழே போகிறவர் தலையில் விழலாம். தொட்டி எப்போதும் தரையில் இருக்கட்டும்.

பழைய கடைவீடுகளில் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பெயிண்ட் உரியும் சுவரோரம் உள்ள மண்ணில் கீரை போடாதீர்கள். பழைய எண்ணெய்ப் பெயிண்ட்டில் ஈயம் இருந்திருக்கலாம். வெளியிலிருந்து வாங்கிய மண்ணைப் பையில் போட்டு வளர்ப்பது பாதுகாப்பு.

தோட்டத்துக்கும் டெங்கிக்கும் என்ன தொடர்பு?

இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. ஏடிஸ் கொசு, தண்ணீர் தேங்கும் பொருள்களின் உட்சுவரில் முட்டையிடும். அந்த முட்டை காய்ந்த நிலையில் பல மாதம் உயிரோடு இருக்கும். உங்கள் விதைக்காகக் காத்திருக்கும் அதே முதல் மழைக்காக அதுவும் காத்திருக்கிறது. தண்ணீர் பட்டு ஒரு வாரம், பத்து நாளில் கொசு பறக்கும்.

அதனால் மழைக்கு முன்னாலேயே தொட்டித் தட்டு, வாளி, பீப்பாய் எல்லாவற்றையும் பிரஷ் போட்டுத் தேயுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் முட்டை போகாது. தட்டில் மணலை நிரப்பிவிடலாம், இல்லையென்றால் தட்டையே எடுத்துவிடலாம். மழைநீர்ப் பீப்பாய்க்குக் கொசுவலை கட்டாயம். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி, வீட்டில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் அபராதம் வரும். அதைவிடப் பெரிய விஷயம், டெங்கி உயிரையும் எடுக்கும்.

எதை விதைக்கலாம்?

முதல் தடவை என்றால் சீக்கிரம் பலன் தருவதில் தொடங்குங்கள். கங்கோங், பாயாம் இரண்டும் விதைத்து நான்கு வாரத்தில் வெட்டலாம். சமையலறை டப்பாவில் இருக்கும் வெந்தயத்தைத் தூவினாலே கீரை வரும். வெண்டைக்காய் ஏழெட்டு வாரத்தில் காய்க்கும். காராமணிக்குப் பந்தல் கம்பு வேண்டும். மிளகாய், கத்தரிக்குப் பொறுமை வேண்டும். நாற்று நட்ட பிறகு இரண்டரை, மூன்று மாதம் ஆகும்.

தமிழ்நாட்டிலிருந்து பாட்டி கொடுத்த நாட்டு விதையைப் பையில் போட்டுக் கொண்டுவரலாமா? அனுமதி இல்லாமல் கூடாது. தாவர நோய்கள் பரவாமலிருக்க, 1976ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டம் விதை இறக்குமதியைக் கட்டுப்படுத்துகிறது.

இதெல்லாம் மிச்சமாகுமா?

வீட்டுத் தோட்டம் நமக்குப் புதுசு இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கிடைக்காமல் வீட்டைச் சுற்றி மரவள்ளி நட்ட கதையைத் தாத்தா பாட்டிகள் சொல்லியிருப்பார்கள். 1974இல் விலைவாசி ஏறியபோது, அன்றைய பிரதமர் துன் அப்துல் ரசாக் பசுமைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, வீட்டோரம் காய்கறி போடச் சொன்னார். பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் நகரத்தில் ரசாயனம் இல்லாமல் பயிரிடுவதைப் பல ஆண்டுகளாக ஊக்குவித்து வருகிறது.

நாலு போலிபேக்கால் குடும்பத்தின் காய்கறிச் செலவு முழுக்கத் தீராது. ஆனால் கறிவேப்பிலை, ஊசி மிளகாய், கீரை ஆகியவற்றைக் கடையில் வாங்கும் தேவை குறையும். மருந்தடிக்காத கீரை தட்டுக்கு வரும்.

என்ன, எப்போது செய்ய வேண்டும்?

தைப்பூசம் முடிந்ததும்: குழிச் சோதனை, மேட்டுப்பாத்தி, சுண்ணாம்பு. பிப்ரவரி கடைசிக்குள் மிளகாய், கத்தரி விதையை நிழலில் தட்டில் போடுங்கள். இது காய்ந்த காலம் என்பதால் அரிசி கழுவிய தண்ணீரை வீணாக்காதீர்கள்.

மார்ச் முதல் பாதி: மக்கிய எரு சேர்த்து, மேலே காய்ந்த இலையால் மூடாக்குப் போடுங்கள். இடிமழை மண்ணை அடித்துக்கொண்டு போகாமல் இது காக்கும். பந்தல் கம்பு நடுங்கள். தட்டுகளையும் வாளிகளையும் தேயுங்கள்.

மார்ச் கடைசி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை: ஒன்றிரண்டு மாலை மழை பெய்ததும் கீரை, வெண்டை, காராமணி விதையுங்கள், நாற்றுகளை மாற்றி நடுங்கள். மழை தள்ளிப்போனால் ஒரு வாரம் காத்திருப்பதில் தப்பில்லை. மண் தயாராக இருந்தால் போதும்.