பக்கத்து மனையில் லாலாங்

மலாக்கா, கிளேபாங்கின் பழைய குடியிருப்புகளில் வீடுகளுக்கு நடுவே அங்கங்கே ஒரு காலி மனை கிடக்கும். லாலாங் புல் இடுப்பளவு வளர்ந்திருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் பழைய மெத்தை, டயர், பெயிண்ட் வாளி, யாரோ குடித்துவிட்டு வீசிய இளநீர்க் கூடு. “இதைக் கேட்க ஆளே இல்லையா?” என்று பக்கத்து வீட்டுக்காரர் புலம்புவார். ஆள் இல்லாமல் இல்லை. நான்கு அலுவலகங்கள் இருக்கின்றன. எந்தப் புகாரை எங்கே கொண்டுபோவது என்பதில்தான் காரியம் கெடுகிறது.

புதர் மண்டிய தனியார் நிலம் மாநகர் மன்றத்தின் பாடு. 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டப்படி, அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை தரும் நிலையில் நிலத்தை விட்டுவைத்தால் உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்பலாம். கேட்காவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் வரை போகலாம். அதே மனையில் கொசுப்புழு இருந்தால் விவகாரம் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குப் போகிறது. 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தில் 500 ரிங்கிட் கம்பவுண்ட். நீதிமன்றத்துக்குப் போனால் முதல் குற்றத்துக்கே 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வெளியாள் கொண்டுவந்து கொட்டிய குப்பை என்றால் திடக்கழிவு நிர்வாகக் கழகமான எஸ்டபிள்யூ கார்ப். 2007ஆம் ஆண்டு திடக்கழிவுச் சட்டத்தை ஏற்ற மாநிலங்களில் மலாக்காவும் ஒன்று. கண்ட இடத்தில் குப்பை கொட்டுவதற்கு அந்தச் சட்டம் வைத்திருக்கும் அபராதம் 10,000 ரிங்கிட்டில் தொடங்கி 1,00,000 வரை போகிறது. நான்காவது, உரிமையாளர் யார் என்று தெரிந்துகொள்ள நில அலுவலகம்.

புகார் கொடுப்பவர்கள் பெரும்பாலும் எழுதுவது ஒரே வரி: “புல் மண்டிக் கிடக்கிறது.” டிங்கிக்குப் பயந்துதான் அந்தப் புகார் என்றால் அது பாதிக் கதை. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு புல்லில் முட்டையிடுவதில்லை. தேங்கிய நீருள்ள டயரிலும் வாளியிலும் இளநீர்க் கூட்டிலும் இடுகிறது. தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் சாகாமல் கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். புல் அந்தச் சாமான்களை மறைத்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். மேலே மட்டும் சீவிவிட்டு, டயரை அங்கேயே விட்டுப் போகும் கொந்தராத்துக்காரருக்குக் கொடுக்கும் காசு வீண்.

வெட்டினால் நோய் போய்விடும் என்ற நம்பிக்கைக்கு இந்த மண்ணில் நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு பாடம் உண்டு. 1901இல் கிள்ளானில் மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், காட்டை வெட்டி, சதுப்பை வடியவைத்து மலேரியாவை அடக்கினார். நிழலை விரும்பும் அனோபிலஸ் கொசு வகை அங்கே ஒழிந்தது. அதே வைத்தியம் மேட்டுநிலத் தோட்டங்களில் பலிக்கவில்லை. அங்கே காட்டை வெட்டியதும் ஓடைகளில் வெயில் பட்டது. வெயில் படும் தெளிந்த நீரை விரும்பும் இன்னொரு வகை, மாக்குலேட்டஸ், அதில் பெருகியது. ரப்பர் நடக் காடு வெட்டிய நம் தமிழ்ச் சனங்கள் லயத்துக்கு லயம் காய்ச்சலில் விழுந்தார்கள். மண்ணுக்கடியில் குழாய் பதித்து நீரை மறைத்த பிறகே அந்த ஓடைகள் அடங்கின. எந்தக் கொசு, அது எந்தத் தண்ணீரில் என்று கேட்காமல் பாராங் கத்தியைத் தூக்குவதில் அர்த்தமில்லை.

பாம்புக்கும் எலிக்கும் தீக்கும் பயந்து புல்லை வெட்டச் சொல்வது வேறு. அது நியாயமான புகார். வெயில் காலத்தில் காய்ந்த லாலாங் ஒரு சிகரெட் துண்டுக்குப் பற்றிக்கொள்ளும். அதற்காக நாமே கொளுத்திவிடலாம் என்று நினைத்தால், திறந்தவெளி எரிப்புக்கு 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் சட்டத்தில் தடை. கொளுத்தினாலும் பயனில்லை, கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது, சில வாரத்தில் பச்சை எட்டிப் பார்க்கும். மருந்தடித்து அழிக்கலாம் என்றால், தோட்டத்தில் மருந்தடித்த பெண்கள் முதுகில் சுமந்த களைக்கொல்லியான பாராக்குவாட் 2020 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. நகமும் தோலும் வெந்துபோன அந்த அம்மாக்களைப் பார்த்தவர்கள் அதற்காக வருத்தப்பட மாட்டார்கள்.

உண்மையான முட்டுக்கட்டை உரிமையாளரைக் கண்டுபிடிப்பது. கட்டணம் கட்டி நிலப் பதிவைப் பார்க்க யாருக்கும் உரிமை உண்டு. பெயரும் முகவரியும் கிடைக்கும். பல நேரம் அந்தப் பெயருக்குரியவர் இறந்து வருடக்கணக்காகியிருக்கும். பிள்ளைகள் ஒருவர் ஜொகூரில், ஒருவர் சிங்கப்பூரில். பெயர் மாற்ற வேண்டுமானால் பெரும்பாலும் 1955ஆம் ஆண்டு சிறு சொத்துப் பகிர்வுச் சட்டத்தின்கீழ் நில அலுவலகத்தில் மனு போட வேண்டும். எல்லாரும் ஒன்றாக உட்கார வேண்டும் என்ற கட்டத்திலேயே பல குடும்பங்கள் நின்றுவிடுகின்றன. நிபந்தனை மீறிய நிலத்தை அரசு திரும்ப எடுத்துக்கொள்ள நிலச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அடுத்த மழைக்குள் டயர் அகல அது உதவாது.

என்னைக் கேட்டால், சொத்து வரிக் கணக்கிலிருந்து தொடங்குவதே மேல். இறந்தவர் பெயரில் இருந்தாலும் மனைக்குச் சுக்காய் பிந்து எனும் அந்த வரியைப் பெரும்பாலும் யாரோ ஒருவர் கட்டிக்கொண்டிருப்பார். பணம் கட்டுகிறவரின் கைக்கு நோட்டீஸ் போகட்டும். புகாருடன் லோட் எண்ணையும், புல்லின் படத்துக்குப் பதில் டயருக்குள் நிற்கும் தண்ணீரின் படத்தையும் சேர்த்துக் கொடுங்கள். நம் வீட்டு மெத்தையையும் வெட்டிய கிளையையும் இருட்டில் அந்த மனையில் தள்ளத் தேவையில்லை. வாரம் இரண்டு நாள் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருளோடு தோட்டக் கழிவும் பெரிய சாமானும் என்று லாரி வாசலுக்கே வருகிறது.