தொண்டைக்குள் இறங்கிய கத்தி

2007. அமெரிக்காவின் மான்டரேயில் டெட் மேடை. உலக வறுமையைப் பற்றி மூச்சுவிடாமல் பேசிய ஸ்வீடன் பேராசிரியர், திடீரென்று சட்டையைக் கழற்றுகிறார். உள்ளே தங்க ஜிகினாவில் மின்னல் வெட்டும் கறுப்புப் பனியன்! கையில் படைவீரர்களின் பழைய துப்பாக்கிக் கத்தி. தலையை அண்ணாந்து, அப்படியே தொண்டைக்குள் இறக்குகிறார். முடியவே முடியாது என்று நினைப்பதும் முடியும் எனக் காட்டத்தான்! ஹான்ஸ் ரோஸ்லிங்கின் அந்தக் காணொளியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கை தானாகத் தட்டுகிறது.

வித்தையை எங்கே கற்றார் தெரியுமா? ஆஸ்பத்திரி வார்டில்! மருத்துவ மாணவராக இருந்தபோது தூண்டில் கம்பை விழுங்கிப் பார்த்துத் தோற்றவர். பிறகு பயிற்சி டாக்டரானபோது அவரிடம் வந்த நோயாளி ஒருவர், பழைய வாள்விழுங்கி. தொண்டை தட்டையானது, தட்டையான பொருள்தான் இறங்கும் என்று அவர் சொல்லிக்கொடுக்க, அன்றைக்கே சூப் கரண்டிக் காம்பில் ஒத்திகை ஆரம்பம்!

1972இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் படிக்க வந்தார். முதல் வகுப்பில் ஒரு எக்ஸ்ரே. சிறுநீரகப் புற்றுநோயை நம் பிள்ளைகள் புட்டுப்புட்டு வைத்ததும், இவர்கள் சிறப்பு மருத்துவர்கள், நாம்தான் அறை மாறி வந்துவிட்டோம் என்று நினைத்தாராம். எல்லோரும் அவரைப் போலவே நான்காமாண்டு!

ஆனால் அந்த மேடையின் நிஜமான பின்கட்டு மொசாம்பிக்கில் இருக்கிறது. 1979 முதல் இரண்டாண்டு, நக்காலாவில் சுமார் 3 லட்சம் பேருக்கு அவர் ஒரே டாக்டர். 1981இல் அந்த வட்டாரத்துப் பெண்களும் குழந்தைகளும் திடீர் திடீரென்று கால் விளங்காமல் விழுந்தார்கள். தொற்றா, விஷமா? முடிச்சு மரவள்ளிக்கிழங்கில் இருந்தது. கசப்பு மரவள்ளியை நாள்கணக்கில் காயவைத்துத்தான் அங்கே சயனைடைப் போக்குவார்கள். வறட்சி, பசி, காயும்வரை எந்தத் தாய் பொறுத்திருப்பாள்? மரவள்ளியை அவித்துத் தின்று வளர்ந்த எனக்கு இந்த இடம் வயிற்றைப் பிசைகிறது. கொன்சோ என்ற அந்த நோயின் பின்னால் ஆப்பிரிக்கக் கிராமங்களில் இருபதாண்டு அலைந்தார்.

அதற்கப்புறம்தான் குமிழிகள்! நாடுகளைக் குமிழிகளாக்கி ஆண்டுவாரியாக ஓடவிடும் மென்பொருளைச் செய்தவர்கள் மகன் ஓலாவும் மருமகள் அன்னாவும். ரோஸ்லிங் அதைக் குதிரைப் பந்தயம் போல வர்ணிப்பார். ஐக்கியா கடைப் பெட்டிகளை அடுக்கி மக்கள்தொகை சொல்வார். பெட்டிக்கு 100 கோடி பேர். வாஷிங் மெஷினுக்குள் கைவிட்டுப் புத்தகங்களை எடுப்பார்! துவைக்கும் நேரம் மிச்சமானதால்தானே அம்மா அவரை நூலகத்துக்குக் கூட்டிப்போனார்.

2014இல் லைபீரியாவில் எபோலா. 66 வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மன்ரோவியாவுக்குக் கிளம்பினார், நோயாளிக் கணக்கைச் சரிபார்க்க.

2017 பிப்ரவரி 7இல் கணையப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. அவருடைய கேப்மைண்டர் இணையதளத்தில் அந்தக் குமிழிகள் இன்றும் இலவசமாக ஓடுகின்றன. இன்றிரவு பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, இந்தியக் குமிழியை 1800இலிருந்து ஓடவிட்டுப் பாருங்கள்.