புகையும் விறகுதான்

பொங்கலன்று வாசலில் கல் கூட்டி அடுப்பு மூட்டும்போதோ, பாட்டி வீட்டுக் கொல்லையில் வெந்நீர் அடுப்பு எரியும்போதோ, நாலைந்து அடி தள்ளி உட்கார்ந்து விறகின் நுனியை மட்டும் உற்றுப் பாருங்கள். சுடர் விறகோடு ஒட்டிக்கொண்டு எரியாது. இரண்டுக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி இருக்கும். கட்டையின் வெடிப்புகளிலிருந்து வெண்புகை சீறிக்கொண்டு வெளியே வரும். சற்றுத் தூரம் வந்த பிறகுதான் அது சுடராகும்.

அப்படியானால் எரிவது எது? கட்டையா, புகையா?

இதற்கு விடை தெரிந்தால், கண் எரியாமல், விறகு வீணாகாமல், ஆபத்தில்லாமல் அடுப்பு எரிப்பது எப்படி என்பதையும் நீங்களே யோசித்துச் சொல்லிவிடலாம்.

விறகுக்குள் என்ன நடக்கிறது?

தீயில் வைத்த விறகு உடனே எரிந்துவிடாது. முதலில் காய்கிறது. அதற்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறும்வரை கட்டையின் சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். பச்சை விறகின் மறுமுனையில் நுரை தள்ளுவதைப் பார்த்திருப்பீர்களே, அது இந்த நீர்தான்.

ஈரம் போனதும் சூடு ஏறுகிறது. 200 டிகிரியைத் தாண்டி 300 டிகிரியை நெருங்கும்போது விறகின் உடம்பே சிதையத் தொடங்குகிறது. எரியக்கூடிய வாயுக்களும், தார் போன்ற பொருள்களின் நுண்துளிகளும் வெளியே வருகின்றன. இவை காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து எரிவதுதான் சுடர். வாயு எல்லாம் போன பிறகு மிஞ்சுவது கரி. அது சுடர் விடாமல் செக்கச்செவேல் என்று கனலும். அதைத்தான் கங்கு, தணல் என்கிறோம்.

மைக்கேல் ஃபாரடே என்ற விஞ்ஞானி 1860ஆம் ஆண்டு டிசம்பரில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்காக மெழுகுவத்தியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ஆறு உரைகளும் ஒரே ஒரு மெழுகுவத்தியைப் பற்றித்தான். எரியும் மெழுகுவத்தியை மெதுவாக அணைத்துவிட்டு, திரியிலிருந்து எழும் வெண்புகையில் ஒரு நெருப்பைக் காட்டினார். நெருப்பு அந்தப் புகை வழியாகவே ஓடி, திரியை மறுபடி பற்ற வைத்தது. உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் கேட்டால் வகுப்பில் செய்து காட்டுவார். நீங்கள் தனியாகச் செய்ய வேண்டாம்.

ஃபாரடே காட்டியது விறகுக்கும் பொருந்தும். அடுப்பிலிருந்து வரும் புகையில் பெரும்பகுதி, எரிந்திருக்க வேண்டிய பொருள். போதிய சூடோ காற்றோ கிடைக்காமல் எரியாமலே தப்பிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய விறகு, அம்மா சுமந்து வந்த விறகு, கூரை வழியே வெளியே போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் புகையை அடுப்புக்குள்ளேயே எரித்துவிட்டால் விறகும் மிச்சமாகும், நெஞ்சுக்கும் நல்லது.

ஈர விறகு ஏன் ஆகாது?

அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீராகவே இருக்கலாம். நன்றாகக் காய்ந்த விறகில் 15 முதல் 20 சதவீதம்தான் இருக்கும். அந்தத் தண்ணீரை விரட்டும் செலவும் நம்முடையதுதான். ஒரு லிட்டர் ஈரத்தைச் சூடாக்கி ஆவியாக்கத் தேவைப்படும் வெப்பம் இருந்தால், பானையில் எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். இத்தனை வெப்பமும் வெறும் ஆவியாகப் போகிறது. நெருப்பும் தணிந்துவிடுவதால் வாயுக்கள் எரியாமல் புகையாகின்றன.

ஆகவே மழைக்காலத்துக்கு வேண்டிய விறகைக் கோடையிலேயே பிளந்து, மழை படாத இடத்தில், தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி, காற்று புகும்படி அடுக்க வேண்டும். பிளப்பது ஏன் முக்கியம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பக்கத்துக்கு 10 செ.மீ. உள்ள சதுரக் கட்டையின் சுற்றளவு 40 செ.மீ. அதை நாலாகப் பிளந்தால் ஒவ்வொரு துண்டின் சுற்றளவும் 20 செ.மீ., மொத்தம் 80 செ.மீ. அதே விறகுக்கு இரண்டு மடங்கு மேற்பரப்பு! காய்வதும் விரைவு, பற்றுவதும் விரைவு.

காய்ந்ததா என்று அறிய இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்த விறகு 'டங்' என்று கணீரென ஒலிக்கும். ஈர விறகு 'தொப்' என்று மந்தமாக ஒலிக்கும்.

காற்றுக்கு வழி விடுங்கள்

காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். அது விறகின் அடியிலிருந்து உள்ளே போனால்தான் நெருப்பு நன்றாகப் பிடிக்கும். சீக்கிரம் எரியட்டும் என்று அடுப்பு வாய் நிறைய விறகைத் திணித்தால் நேர்மாறாகத்தான் நடக்கும். காற்று நுழைய இடமில்லாமல் அடுப்பு புகையும்.

அனுபவசாலிகள் எப்படி எரிக்கிறார்கள் என்று கவனியுங்கள். பன்னாடை, தென்னம்பாளை, காய்ந்த சுள்ளி என்று சுலபமாகப் பற்றுகிறவற்றை முதலில் வைப்பார்கள். மூட்டும் நேரத்தில் அடுப்பின் சுவர் குளிர்ந்திருப்பதால் அப்போதுதான் புகை அதிகம். சுள்ளித் தீ சட்டென்று அந்தச் சுவரைச் சூடாக்கிவிடும். பிறகுதான் விறகு, அதுவும் இரண்டு மூன்று. நுனி மட்டும் நெருப்பில் இருக்கும். எரிய எரிய உள்ளே தள்ளுவார்கள். இரண்டு இரும்புக் கம்பிகளைக் குறுக்கே வைத்து, அவற்றின்மேல் விறகைக் கிடத்தினால் இன்னும் நல்லது. விறகுக்கு அடியில் காற்று தாராளமாகப் போகும். மலைபோல் குவிந்த பழைய சாம்பலையும் அவ்வப்போது அள்ளிவிட வேண்டும்.

இங்கே உங்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். நாம் வெளியே விடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறதே, ஊதுகுழலால் ஊதினால் தீ அணையாமல் ஏன் கொழுந்துவிடுகிறது? நாம் வெளிவிடும் மூச்சில் இன்னும் சுமார் 16 சதவீதம் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது. அதோடு, குழலிலிருந்து வேகமாகப் பாயும் காற்று பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. கங்கின்மேல் படிந்த சாம்பலும் பறந்துபோய், கரி நேராகக் காற்றைத் தொடுகிறது. ஒரு எச்சரிக்கை: மூச்சை உள்ளே இழுக்கும்போது குழலை வாயிலிருந்து எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சூடான புகை நுரையீரலுக்குள் போய்விடும்.

பாத்திரத்துக்கு எவ்வளவு சூடு போகிறது?

திறந்த மூன்று கல் அடுப்பில், விறகு தரும் வெப்பத்தில் 10 முதல் 15 சதவீதம்தான் பெரும்பாலும் பாத்திரத்துக்குப் போய்ச் சேர்கிறது. மற்றதெல்லாம் நாலாபக்கமும் சிதறிவிடுகிறது. அதனால்தான் நம் வீடுகளில் மண்ணால் சுவர் எழுப்பி அடுப்பு போட்டார்கள். முதல் பாத்திரத்தைச் சுட்டுவிட்டுத் தப்பிப் போகும் வெப்பத்தையும் விடாமல், பக்கத்தில் இன்னொரு துளைக்குத் திருப்பிக் கொடியடுப்பு அமைத்தார்கள். ஒரே விறகில் சோறும் குழம்பும் சேர்ந்து ஆயின. பள்ளிக்கூடப் புத்தகம் படிக்காத எத்தனையோ பெண்கள் கைப்பழக்கத்தில் கண்டறிந்த வெப்ப இயற்பியல் இது.

நீங்கள் செய்யக்கூடியது எளிது. மூடி போட்டுச் சமைக்கச் சொல்லுங்கள். ஆவியாகப் போகும் ஒவ்வொரு சொட்டும் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டுதான் போகிறது. இன்னொன்று, உலை ஒருமுறை கொதித்துவிட்டால் அதன் சூடு 100 டிகிரியிலேயே நிற்கும். எவ்வளவு விறகைத் தள்ளினாலும் அதற்குமேல் ஏறாது. தண்ணீர்தான் வேகமாக வற்றும். ஆகவே கொதி வந்ததும் விறகை வெளியே இழுத்துத் தணித்துவிடலாம். பருப்பையும் பயறையும் முன்னதாக ஊற வைத்தால் எரிக்கும் நேரம் இன்னும் குறையும்.

புகைக்குள் இருப்பது என்ன?

விறகுப் புகையில் மிக நுண்ணிய துகள்கள் உள்ளன. நம் தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கைவிடச் சிறியவை. மூக்கிலுள்ள முடியால் தடுக்க முடியாமல் நுரையீரலின் ஆழம்வரை அவை போகின்றன. விறகு, சாணி வறட்டி, கரி போன்றவற்றால் சமைக்கும் வீடுகளின் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு ஆபத்து கார்பன் மோனாக்சைடு. இதற்கு நிறமும் மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு இது பற்றிக்கொள்ளும். புகையே இல்லாத கங்கிலிருந்தும் இது வரும். குளிர்ப் பிரதேசங்களில் கரி அடுப்பை அறைக்குள் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது உயிரையே பறித்துவிடும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தால் உடனே எல்லாரையும் வெளிக்காற்றுக்கு அழைத்து வர வேண்டும்.

இந்தப் புகையை வீட்டைவிட்டு விரட்ட நம் நாட்டில் பலர் உழைத்திருக்கிறார்கள். ஐதராபாத்தில் எஸ். பி. ராஜு என்ற பொறியாளர் புகைபோக்கி வைத்த மண் அடுப்பை வடிவமைத்தார். கோடிக்கணக்கான வீடுகளுக்குப் புகையில்லாத சமையலறை வேண்டும் என்று 1953இல் ஒரு நூலும் வெளியிட்டார். 1980களில் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் மூன்று கோடிக்கும் மேற்பட்ட மேம்பட்ட அடுப்புகள் வைக்கப்பட்டன. ஆனால் அவற்றில் பல நெடுநாள் உழைக்கவில்லை. புகைபோக்கியில் கரி அடைத்துக்கொண்டது. விரிசல் விட்ட அடுப்பைச் சரிசெய்ய ஆளில்லை. ஒரு நல்ல கருவியைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. அதைத் துடைத்து, பழுதுபார்த்து வைத்துக்கொள்ளவும் வேண்டும். உங்கள் வீட்டில் புகைபோக்கி இருந்தால், அது கடைசியாக எப்போது சுத்தம் செய்யப்பட்டது என்று கேளுங்கள். உள்ளே படியும் கரிப்படலம் தானே தீப்பிடிக்கவும் கூடும்.

தீ அடுப்பைத் தாண்டாமல் இருக்க

அடுப்பு மூட்டுவது பெரியவர்களின் வேலை. ஆனால் இவற்றைக் கவனித்து நினைவூட்டுவது உங்களாலும் முடியும்:

• அடுப்பைச் சுற்றி மூன்றடிக்குள் சுள்ளி, காகிதம், கீற்று, துணி எதுவும் இருக்கக் கூடாது. காயட்டும் என்று அடுப்புத் திட்டின்மேலேயே விறகை அடுக்குவதும் ஆபத்து.

• எரியும் அடுப்பிலோ, கங்கு உள்ள அடுப்பிலோ மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்றவே கூடாது. அது நொடியில் ஆவியாகி, தீ கையிலுள்ள கேனுக்கே தாவும்.

• பால் கவர், பிளாஸ்டிக், பெயின்ட் அடித்த பலகை, அரளிக் குச்சி ஆகியவற்றை எரிக்கக் கூடாது. அவற்றின் புகை நஞ்சு.

• நைலான், பாலியஸ்டர் துணி தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அடுப்பருகே பருத்தி உடையே நல்லது. துப்பட்டா, தாவணி நுனியை இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும்.

• வாணலி எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 லிட்டர் இடத்தை அடைக்கும். அந்த வேகத்தில் எரியும் எண்ணெய் எங்கும் தெறிக்கும். பெரியவர்கள் தட்டால் மூடி, விறகை வெளியே இழுக்க வேண்டும்.

• சாம்பலுக்குள் கங்கு மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். நன்றாக ஆறாமல் அதைக் குப்பையிலோ வைக்கோல் போர் பக்கமோ கொட்டக் கூடாது.

உடையில் தீப்பிடித்தால் ஓடாதீர்கள். ஓடினால் காற்றுப் பட்டுத் தீ வளரும். நின்று, தரையில் படுத்து, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு உருளுங்கள். சுட்டுக்கொண்ட இடத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும். பற்பசை, மை, மாவு எதையும் தடவக் கூடாது. காயம் பெரிதென்றால் 108க்கு அழையுங்கள்.

செய்து பாருங்கள்

புதிதாக வெட்டிய ஒரு சிறு கிளைத்துண்டை எடுத்து, மளிகைக்கடைத் தராசில் எடை போடுங்கள். நிழலான, காற்றோட்டமான இடத்தில் வைத்து வாரம் ஒருமுறை எடையைக் குறித்து வாருங்கள். கூடவே, முழுதாக ஒரு துண்டையும் நாலாகப் பிளந்த இன்னொன்றையும் வைத்து, எது முதலில் எடை குறைவதை நிறுத்துகிறது என்று பாருங்கள். எடை மாறாமல் நிற்கும் நாளில் அந்த விறகு அடுப்புக்குத் தயார். வரைபடத் தாளில் கோடு போட்டு வகுப்பில் காட்டுங்கள்.

வீட்டில் அடுப்பு எரிந்தால் இன்னொரு ஆய்வும் செய்யலாம். எந்த நேரத்தில் புகை அதிகம்? மூட்டும்போதா, புது விறகு வைக்கும்போதா, தணிக்கும்போதா? ஒரு வாரம் குறித்துக்கொண்டால் காரணம் உங்களுக்கே பிடிபடும்: விறகில் ஈரமா, காற்று போதவில்லையா, புகைபோக்கி அடைப்பா என்று. எரிவாயு அடுப்பு வசதி உள்ள வீட்டில் அன்றாடச் சமையலுக்கு அதுவே நல்லது. விறகை நம்பியிருக்கும் வீட்டில், அந்தப் புகையை அதிகம் சுவாசிப்பவர் அம்மாவோ பாட்டியோதான். உங்கள் குறிப்பேட்டோடு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். அடுப்பைப் பற்றி உங்களுக்குத் தெரியாத பலவும் அவர்களுக்குத் தெரியும். இருவர் அறிவும் சேர்ந்தால் அடுத்த மழைக்காலத்தில் அந்தச் சமையலறையில் புகை குறைந்திருக்கும்.